ஆறு மணிக்குச் சுற்றும் வட்டம்

வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை எனக்கு.
எங்கள் பேருந்துக் கூட்டம் குடியிருப்பதோ
நான் பார்த்தறியாத ஊரில்,
யாருடைய சர்வரிலோ ஒரு மூலையில்,
மாதம் நூற்றுத்தொண்ணூறு ரூபாய் வாடகைக்கு.

ஒண்டுக்குடித்தனம்தான்.
அடுத்த போர்ஷனில் யாரென்று கேட்டால்
கம்பெனியில் சொல்லமாட்டார்கள்.
மார்கழி முழுக்க நன்றாக இருந்தோம்,
முகூர்த்த நாளென்றால் மூச்சு முட்டியது.
ஏதோ கல்யாண மண்டபம் என்று
நானாக முடிவு செய்துகொண்டேன்.

தொடக்கத்தில் பதினேழு பேர்.
"பாபநாசம் வண்டி கல்லிடைக்குறிச்சி தாண்டிட்டு."
"கடையம் பஸ் இன்னைக்கு இல்ல."
அவ்வளவுதான் பேச்சு.
பிறகு ஆலங்குளத்து டீச்சர்கள்,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நர்சுகள்,
மானூரிலிருந்து பூக்கூடையோடு ஏறும் பெண்கள்,
பேட்டை ஐடிஐ பையன்கள்,
காலை ஆறிலிருந்து எட்டுக்குள்
மூவாயிரத்துச் சொச்சம் பேர்
ஒரே வாசலில்.

கடைக்கணக்கு நோட்டின் பின்பக்கம்
திறக்கும் நொடிகளை எழுதிவந்தேன்.
திங்கள், நான்கு.
வியாழன், பதினொன்று.
பொங்கல் லீவு முடிந்து ஊரே திரும்பிய காலையில்
முப்பத்தெட்டு,
அப்புறம் வெறும் வெள்ளைத் திரை.

காலை வணக்கத் தாமரைகளை அழித்தேன்.
போன வருடத்துப் பேச்சையெல்லாம்
மூட்டைகட்டி இறக்கினேன்.
கம்பெனிக்குப் போன் போட்டால்
"உங்க ஆட்கள் அதிகம் மேடம்" என்றான்,
பக்கத்து வீட்டுக்காரன்
விருந்தாளிச் செருப்பை எண்ணிச் சொல்வதுபோல.

தனி சர்வர், மாதம் நாலாயிரத்து எண்ணூறு.
நயினார் முகம்மது கொதித்தார்:
"ரெண்டு மணி நேரக் கூட்டத்துக்கு
நாள் பூரா வாடகையா?
மிச்ச நேரம் சும்மால்லா கெடக்கும்!"
நான் தேரைச் சொன்னேன்.
ஆனியில் ஒரு நாள் ஓட
வருடமெல்லாம் நிற்கவில்லையா?
"தேருக்கு வடம் புடிக்க ஊரே வரும்.
ஒனக்கு யாரு வருவாவ?"
பதில் இல்லை. நோட்டை மூடிவிட்டேன்.

மாசியில் வேகம் தானாகத் திரும்பியது.
மூன்று நொடி.
ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.
ஆட்களை எண்ணிப் பார்த்தபோது
பாதிதான் இருந்தார்கள்.

சேரன்மகாதேவி எஸ்தர் கிறிஸ்டல்
ஆதார் நகலெடுக்கக் கடைக்கு வந்தாள்.
ஏன் காணோம் என்றேன்.
"சுத்திக்கிட்டே இருந்துச்சுக்கா.
இப்பல்லாம் இருபது நிமிசம் முன்னாடியே போயி
ஸ்டாப்புல நின்னுக்கிடுதேன்."
குறையாகச் சொல்லவில்லை.
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்.

இருபது நிமிடம்.
வேலை நாள் இருபத்தாறு.
நகல் வாசம் அடிக்கும் தாளில் பெருக்கினேன்:
எட்டு மணி நாற்பது நிமிடம்.
ஒரு முழு இரவின் தூக்கம்.
மாதாமாதம் அதை அவள் கட்டிக்கொண்டிருந்தாள்,
என் நூற்றுத்தொண்ணூறுக்கு மேல்,
ரசீது இல்லாமல்.

நெரிசல் என்றால் சத்தம் கேட்கும்
என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பணம் கேட்டு எழுதினேன்.
கண்டக்டர் சுடலைக்கண்ணு ஐம்பது அனுப்பினார்.
பூக்காரிகள் சேர்ந்து இருநூற்றுப் பத்து.
நயினார் ஐந்நூறு, கூடவே ஒரு வரி:
"இது கடன்."
கூட்டிப் பார்த்ததில் ஐந்து மாதத்துக்குத் தேறியது.
ஆறாவது மாதத்தைப் பற்றி
இன்னும் யாரிடமும் பேசவில்லை.

சனிக்கிழமை ராத்திரி
கடைசி அம்பை வண்டி போனபின் குடி மாறினோம்.
சாமான்கள் கொஞ்சம் உடைந்தன;
சிலர் பெயரில் கால் எழுத்து காணாமல் போனது.

திங்கள் காலை ஐந்து நாற்பது.
புது வீட்டில் முதல் குரல், யாரோ ஒருவர்:
"கடையம் பஸ் இன்னைக்கும் இல்ல."
ஒரே நொடியில் தெரிந்துவிட்டது எல்லோருக்கும்.
எஸ்தர் மட்டும் வரவில்லை.
அந்நேரம் ஸ்டாப்பில் நின்றிருப்பாள்,
போனைப் பைக்குள் போட்டுவிட்டு,
சாலை திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டு.